கோணல் சால்

எல்லைக்கல் குப்புற விழுந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் நிற்கவேண்டிய ஏர், இந்தப் பக்கம், சக்கூர் நேற்றுத்தான் வாற்கோதுமை விதைத்த நிலத்துக்குள் நின்றது. ஏருக்குப் பின்னால் முகமெல்லாம் புழுதியோடு மூச்சிரைக்க நின்றபடி, தேவாலயத்தில் பாடுகிற பெலாயா சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டுக்காரரே! என்னய்யா இது?"

"மன்னிக்கணும் தம்பி. நான் வடக்கேதான் போகச் சொன்னேன். மாடு கேக்கல."

"அடுத்தவன் எல்லைக்கல்லை நகர்த்துறவனுக்குச் சாபம்னு மலைமேல நின்னு கத்துறது உங்க லேவியருங்கதானே?"

"வாஸ்தவம். ஆனா நகர்த்தினது மாடு. மாட்டுக்கு அந்தச் சாபம் சேருமான்னு யாரையாவது விசாரிக்கணும்."

சக்கூர் கல்லை நிமிர்த்தி நட்டான். பெலாயா உழுத நிலத்தை ஒருமுறை பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. சால் ஒவ்வொன்றும் மழைக்காலத்துப் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. ஓரிடத்தில் ஒரு சால் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. நெத்தோபா ஊரில் நேரான சாலுக்குப் பேர்போனவன் சக்கூர். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினான்.

"அந்த ஆளை யாரு இங்க வரச் சொன்னது?"

அவன் மனைவி ஓக்லாள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்கதான்."

"நானா?"

"அவர் பங்கு எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்திருந்தா, அவர் எதுக்கு இங்க வந்து மாட்டோட மல்லுக்கட்டப் போறார்? நம்ம குதிருக்குள்ள கிடக்கிறது பாதி அவர் சோறு."

"வெட்டுக்கிளி வந்து மொத்தத்தையும் தின்னுட்டுப் போச்சே, அது யார் சோறு?"

"அதை வெட்டுக்கிளிகிட்ட கேளுங்க."

சக்கூர் கஞ்சனில்லை. பயந்தவன். வெட்டுக்கிளி வந்த வருஷம், விளைச்சலில் பத்தில் ஒன்றாகத் தேவாலயத்துக்குப் போகிற தசமபாகத்தை நிறுத்தினான்; அடுத்த வருஷம் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். அடுத்த வருஷம் வானம் பொய்த்தது. அதற்கடுத்த வருஷம் சுமாராக விளைந்தது. ஆனால் அதற்குள் கொடுக்காமலிருப்பது கைப்பழக்கமாகிவிட்டது. ஊரே அப்படித்தான். தேசாதிபதியும் ராஜாவைப் பார்க்கத் தூரத்துத் தலைநகரான சூசானுக்குப் போய்விட்டார், கேட்பாரில்லை. தேவாலயத்துப் பண்டகசாலையில் எலிகூடத் தங்கவில்லை என்றார்கள். பாடுகிறவர்கள், கதவு திறக்கிறவர்கள், விளக்கேற்றுகிறவர்கள் எல்லாரும் வயிற்றுப்பாட்டுக்காகத் திசைக்கொருவராய்ப் பிரிந்தார்கள். இப்படித் தேவாலய ஊழியம் செய்கிற குலமான லேவியருக்கென்று ஊருக்கு ஊர் ஒட்டுத்துண்டாக மேய்ச்சல் நிலம் உண்டு. நெத்தோபாவில் அது சக்கூரின் நிலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முன்மழைக்குச் சற்று முன்னால், ஒரு கிழட்டு மாட்டையும் ஒரு துடுக்குக் காளையையும் ஒரே நுகத்தில் பூட்டிக்கொண்டு பெலாயா வந்து சேர்ந்தார்.

உழவு ஒரு பக்கம் என்றால் பாட்டு இன்னொரு பக்கம். கிழக்கு வெளுக்கும்போதே பெலாயா நிலத்தின் நடுவில் நின்று பாட ஆரம்பிப்பார். எண்ணெய் காணாத கோட்டைக்கதவு திறக்கிற மாதிரி இருக்கும். ஓக்லாளின் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டன. அவர் வாயைத் திறந்ததும், அவர் நிலத்தில் விதை பொறுக்கிய குருவிகள் கூட்டமாக எழும்பிச் சக்கூரின் நிலத்தில் இறங்கின. சக்கூர் கவணை எடுத்துக்கொண்டு விரட்டினாலும் அவை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பாட்டுக்கு எந்தக் குருவி திரும்பும்?

"இவரையா தேவாலயத்துல பாட வெச்சாங்க?" என்றான் மனைவியிடம்.

"கூட்டத்தோட கூட்டமா நின்னு வாயசைச்சிருப்பார்" என்றாள் ஓக்லாள். "மனுஷன் நல்லவர். கை முழுக்கக் கொப்புளம். நேத்து அடை கொடுத்தேன். பாதியை அந்தக் கிழட்டு மாட்டுக்குக் கொடுத்துட்டார்."

அது உண்மைதான். பெலாயா யாரையும் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கூர் ஒருநாள் கேட்டே விட்டான்.

"எங்க மேல உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வரும் தம்பி. பசிச்சா வரும். பாடினா போயிடும்." பெலாயா சிரித்தார். "அதான் விடியறப்பவே பாடி முடிச்சிடறேன்."

இப்படிப்பட்டவரோடு சண்டை போடவும் முடியாது. எனவே சக்கூர் யோசித்து, பெலாயாவின் நிலத்தைத் தானே உழுது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். எல்லைக்கல்லாவது தப்பும். தன் மாடுகளைக் கட்டி, நூல் பிடித்தாற்போல் உழுதான். பெலாயா ஒவ்வொரு சாலையும் குனிந்து பார்த்து, "ஆகா" என்றார். ஊர்க்கிணற்றடியில் போய், "சக்கூர் தம்பி சாலைப் பார்த்தீங்களா? தாவீது ராஜா நடந்து போகலாம்" என்று எல்லாரிடமும் சொன்னார். சக்கூருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கைம்மாறு செய்யாமல் பெலாயாவால் இருக்க முடியவில்லை. சக்கூர் பெத்லகேம் சந்தைக்குப் போயிருந்த நாளில், அவன் பருப்புக் கொல்லையில் இறங்கிக் களை எடுத்தார். சக்கூர் திரும்பி வந்தபோது களையெல்லாம் செழிப்பாக நின்றது. பருப்புச்செடி வரப்பில் குவிந்து கிடந்தது.

"சுத்தமா எடுத்துட்டேன் தம்பி!" என்றார் பெலாயா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "உங்க நிலத்துல களை ரொம்ப வரிசையா முளைக்குது."

சக்கூர் வரப்பில் உட்கார்ந்தான். 

அறுவடை முடிந்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டு சக்கூர் அடுத்த யோசனைக்கு வந்தான். இவர் பங்கை இவரிடம் கொடுத்துவிட்டால் எருசலேமுக்குப் போய்விடுவார் அல்லவா? ஆடு ஒன்றைக் கொடுத்து ஆரம்பிக்கலாம். அந்த வருஷத்துக் குட்டிகளைப் பட்டிக்குள் அடைத்து, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் வருகிற இடுக்குவாசலைத் திறந்தான். கோலின் நுனியில் செங்காவி. கோலுக்குக் கீழே பத்தாவதாக நுழைவது கர்த்தருக்கு. சட்டம் அப்படி. ஆனால் எந்தக் குட்டி எந்த இடத்தில் வரும் என்பதைச் சக்கூர் முன்கூட்டியே உள்ளேயிருந்து ஏற்பாடு செய்திருந்தான். பத்தாவது இடம் ஒரு நொண்டிக் குட்டிக்கு.

நொண்டிக்குட்டி வாசல்வரை வந்தது. நின்றது. காதைச் சொறிந்துகொண்டது. அதைத் தாண்டித் துள்ளிக் குதித்து வெளியே வந்தது சக்கூர் பொலிகிடாவாக வளர்க்க வைத்திருந்த வெள்ளைக்குட்டி. பழக்க தோஷத்தில் அவன் கை கோலைத் தாழ்த்திவிட்டது. வெள்ளை முதுகில் சிவப்புப் பொட்டு பளிச்சென்று விழுந்தது.

சக்கூர் நாலாபுறமும் பார்த்தான். ஈரத்துணியால் பொட்டை அழுத்தித் துடைத்தான். நொண்டிக்குட்டியை இழுத்துவந்து அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்தான்.

"தம்பி" என்றது சுவருக்கு மேலேயிருந்து ஒரு குரல். பெலாயா தாடையைச் சுவரில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திட்டீங்களா?"

"இல்ல... இது கொஞ்சம்..."

"மாத்தினா ரெண்டும் பரிசுத்தம். மாத்தினதும், மாத்தப்பட்டதும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"இது எந்த ஊர் நியாயம்?"

"மோசே கொடுத்தது."

சக்கூர் துணியை மறுபடி கையில் எடுத்தான்.

"வேண்டாம் தம்பி" என்றார் பெலாயா பரிவோடு. "இன்னும் தொட்டீங்கன்னா மூணாயிடும்."

இரண்டு குட்டிகளும் போயின. பெலாயா போகவில்லை.

"இதோட நீங்க எருசலேமுக்குக் கிளம்பலாமே?" என்றான் சக்கூர், அழாத குறையாக.

"நான் ஒருத்தன் போய் என்ன தம்பி பண்ண?" பெலாயா முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினார். "நான் பாடினா கின்னரம் வாசிக்க ஆள் வேணும். அவருக்குக் கதவு திறந்துவிட ஆள் வேணும். கதவு திறக்கிறவர் இப்ப எங்கயோ கழுதை மேய்க்கிறார். நான் கிளம்பறப்போ முற்றத்துல புல் முளைச்சிருந்துச்சு. உள்ளே ஒரு வெள்ளாடு நின்னு அதை மேய்ஞ்சுட்டிருந்துச்சு. விரட்ட ஆளில்ல. நானும் விரட்டல. அதுவாவது வந்துச்சேன்னு விட்டுட்டேன்."

 சக்கூரின் அப்பா சிறுவயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்த முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். ஆனாலும் அவன் வாய் சொன்னது இதைத்தான்: "அப்போ ஊரே கொடுத்தாத்தான் நீங்க போவீங்க?"

"ஊரே கொடுத்தா ஓடியே போவேன்."

மறுநாளே சக்கூர் வீடு வீடாக ஏறி இறங்கினான். ஊர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் ஓக்லாளின் அண்ணன் அருமாப்.

"என்ன மச்சான், திடீர்னு பக்தி பொத்துக்கிட்டு ஊத்துது? கனவுல தீர்க்கதரிசி வந்தாரா?"

"நாம கொடுக்காததாலதான் வானமும் கொடுக்கலைங்கிறாங்க, மச்சான்."

"வானம் முதல்ல கொடுக்கட்டும். அப்புறம் நான் கொடுக்கிறேன். யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும்ல?"

சக்கூர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வரும் வழியில் பெலாயா ஒரு கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு யாருடைய ஆட்டையோ துரத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த கணத்தில் சக்கூரின் மூளையில் விளக்கெரிந்தது. வாழ்நாளில் இவ்வளவு நல்ல யோசனை அவனுக்கு வந்ததில்லை.

"பாட்டுக்காரரே" என்றான் தேனாக. "எங்க மச்சான் அருமாப் திராட்சைத் தோட்டத்துல ஆள் இல்லாம தவிக்கிறார். கூச்ச சுபாவம், வாய்விட்டுக் கேக்க மாட்டார். நீங்களாப் போய்..."

"ஐயோ பாவம்! இப்பவே போறேன்" என்றார் பெலாயா.

அடுத்த நாள் உச்சிவெயிலில் அருமாப் ஓடிவந்தான். ஒரு செருப்பைக் காணோம்.

"மச்சான், அந்த மனுஷன் பந்தல்கால் மூணைச் சாய்ச்சிட்டார்! கொடிக்கு ஆறுதலா இருக்கும்னு பாடறார்! பறிக்கிற பருவத்துப் பழமெல்லாம் பொலபொலன்னு உதிருது! ஏதாவது செய்யி!"

"ஒண்ணே ஒண்ணுதான் வழி" என்றான் சக்கூர் சாந்தமாக. "அவர் பங்கு."

அருமாப் அன்று மாலையே திராட்சரசமும் எண்ணெயும் கொண்டுவந்து இறக்கினான். அதன் பிறகு சக்கூர் பெலாயாவை ஒவ்வொரு வீடாக உபகாரத்துக்கு அனுப்பினான். குயவர் வீட்டில் சூளையை ஊதி அணைத்தார். தேனெடுக்கிற விதவை வீட்டில் கூட்டைத் திறந்து தேனீக்களை நலம் விசாரித்தார். போன இடத்திலெல்லாம் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார், நோயாளிக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார், யார் கொடுத்த ரொட்டியையும் வாயாரப் புகழ்ந்தார். ஆகவே ஒருவரும் அவரைத் திட்டவில்லை. எல்லாரும் அவரை ஊரைவிட்டு அனுப்ப மட்டும் விரும்பினார்கள். சக்கூரின் களத்தில் தானியம் குவியத் தொடங்கியது.

குவியல் பெரிதானதும் அவனுக்குப் புதுச் சிக்கல் வந்தது. களத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது அருமாப் கேட்டான்:

"எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கின மச்சான், உன் பங்கு எங்க?"

"ரெண்டு ஆடு கொடுத்தேனே!"

"அது ஆட்டுக்கு. தானியத்துக்கு? கொடுக்காம விட்ட வருஷத்துக்கு?"

ஊர் திரும்பி அவனைப் பார்த்தது. சக்கூரின் முகம் வெளிறியது. குதிரில் இருந்ததுதான் அடுத்த அறுவடைவரை கஞ்சிக்கு. இதையும் அள்ளிவிட்டு, மறுபடியும் மழை பொய்த்தால்?  அவன் வாயைத் திறப்பதற்குள் ஓக்லாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் இடுப்பில் நிறைந்த கூடை. அதைக் குவியலில் கவிழ்த்துவிட்டு வெறும் கூடையை அவன் கையில் கொடுத்தாள்.

"நிக்காதீங்க. அடுத்த கூடையை நீங்க சுமங்க."

அவன் சுமந்தான். முதல் கூடை கல்லாய்க் கனத்தது. இரண்டாவதைச் சுமக்கும்போது கண்ணை மூடிக்கொண்டான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். குதிரின் அடித்தரை தெரிந்தபோது ஓக்லாள் எட்டிப்பார்த்து, "எவ்வளவு நாளாச்சு இதைப் பெருக்கி!" என்றாள். அவன் சிரித்துவிட்டான். அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கூடாரப் பண்டிகைக்கு முன்பாக ஊர் கழுதைகளோடும் வண்டிகளோடும் கிளம்பியது. பெலாயா முன்னால் நடந்தார். பாதிவழியில், ஒலிவத்தோப்புகளைத் தாண்டும்போது, மேற்கே ஒரு கருமேகம் எழும்பியது.

"மழை வராது" என்றான் அருமாப். "நமக்கு ஏது..."

அவன் மீதியைச் சொல்வதற்குள் வானம் கிழிந்தாற்போல் கொட்டியது. இத்தனை வருஷமாக இப்படிப் பெய்யாத மழை, தானியம் திறந்த வண்டியில் ஏறின பிறகு வந்தது. சக்கூர் அலறிக்கொண்டு தன் மேலங்கியை உருவிக் குவியலின்மேல் போர்த்தினான். அருமாப்பும் உருவினான். குயவரும் உருவினார். நெத்தோபாவின் ஆண்களெல்லாம் உள்ளங்கியோடு நடுங்கிக்கொண்டு, தானியத்துக்குக் கம்பளி போர்த்தி, மழையில் நனைந்து நடந்தார்கள். சக்கூர் தும்மினான். ஆனால் சேற்று வாசனை மூக்கில் ஏற ஏற அவன் நடை வேகமானது. ஊரில் நிலம் நனைகிறது. விதைக்கலாம்.

"கொடுக்கிறதுன்னா கொஞ்சம் நேரம் பார்த்துக் கொடுக்கக் கூடாதா?" என்று வானத்தைப் பார்த்து முணுமுணுத்தான். முகத்தில் வழிந்தது மழை மட்டுமில்லை.

எருசலேமில் பண்டகசாலைக் கதவைத் திறக்க ஆறு பேர் தள்ளவேண்டியிருந்தது. உள்ளே தூசி முழங்கால்வரை. வேறு ஊர் வண்டிகளும் வந்திருந்தன. சிதறிப்போன கதவுக்காரர்களும் விளக்குக்காரர்களும் ஒவ்வொருவராய்த் திரும்பி வந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெலாயா உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெள்ளை மெல்லாடை உடுத்தி, தலைசீவி, நிமிர்ந்து நின்றார். மற்றப் பாடகர்களோடு படியில் வரிசையில் சேர்ந்துகொண்டார். கின்னரம் ஒருமுறை அதிர்ந்தது. பெலாயா வாயைத் திறந்தார்.

சக்கூர் பழக்கத்தில் காதைப் பொத்தப் போனான். கை பாதியில் நின்றது.

அந்தக் குரல் படியிலிருந்து எழும்பி, முற்றத்தை நிறைத்து, மதிலைத் தொட்டுத் திரும்பி அவன் நெஞ்சுக்குள் இறங்கியது. வண்டிமாடுகள் அசை போடுவதை நிறுத்தின. அருமாப் வாயைப் பிளந்து நின்றான். ஓக்லாள் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எங்கோ கூரைமேல் இருந்த குருவிகள் ஒவ்வொன்றாய் இறங்கி வந்து படிச்சுவரில் உட்கார்ந்தன. பாட்டு முடிந்தும் ஒருவரும் அசையவில்லை.

"இதே தொண்டையா?" என்றான் சக்கூர் மெல்ல. "நம்ம கோழியைப் பயமுறுத்தினதா?"

"மனுஷனை அவங்கவங்க இடத்துல நிறுத்தணுங்க" என்றாள் ஓக்லாள். "மீனைக் கொண்டுபோய் மரத்துல விட்டா?"

நியாயமாகத்தான் பட்டது. இவ்வளவு பெரிய பாடகனை ஏர்பிடிக்க வைத்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, ஊரையே கிளப்பிய தன் தந்திரத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை யாரிடமாவது இறக்கிவைக்காமல் முடியாது. பண்டகசாலை வாசலில் தானியம் அளந்துகொண்டிருந்த லேவியரிடம் போனான்.

"பெலாயாவை நாங்கதான் திருப்பி அனுப்பினோம். அருமையான மனுஷர். ஆனா ஒண்ணு, இனி அவர் கையில ஏர் மட்டும் கொடுத்துடாதீங்க."

அளவுக்காரர் மரக்காலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"ஓ, நெத்தோபாக்காரங்களா! பரவாயில்லையே, ஒரே போகத்துல வந்துட்டீங்க. உங்களுக்கு முன்னாடி தெக்கோவா ஊர்க்காரங்க அசையறதுக்குள்ள மனுஷன் பாடுபட்டுட்டார். இந்தச் சுத்துவட்டாரத்துலயே அவர் மாதிரி நேரா உழ ஆள் கிடையாது. உங்களுக்காகக் கோணலா உழுது உழுது பாவம், வலது தோளே இறங்கிப்போச்சு!"